மூக்கண்ணனும் வெள்ளைக்கோட்டுப் பொம்மையும்

மனித மூக்கை மிஞ்சிய ஆய்வுக்கருவியை விஞ்ஞானம் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. இனியும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கண்ணாடிக்குழாய் உடையும், தராசு பொய் சொல்லும், கம்ப்யூட்டர் கரண்ட் போனால் படுத்துவிடும். மூக்கு ஒன்றுதான் பிறந்ததிலிருந்து ரிப்பேர் இல்லாமல் ஓடுவது.

இது என் கருத்து அல்ல. எங்கள் கல்லூரி வேதியியல் லேப் உதவியாளர், கேட்டாலும் கேட்காவிட்டாலும் அறிவித்துவந்த கொள்கை. அதனால் அவர் எல்லோருக்கும் மூக்கண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு மைதானம், ஒரு சைக்கிள் கடை, அவ்வளவுதான். காலையில் நான் பல் தேய்க்கும்போதே அவர் மைதானத்தைப் பாதி கடந்திருப்பார். லேபில் ப்யூரெட் குழாய்களைக் கழுவித் தலைகீழாக மாட்டுவார். ஸ்பிரிட் விளக்குகளின் திரியைக் கத்தரிப்பார். முந்தைய நாள் நாங்கள் தொட்டியில் கொட்டிய நீலத்தையும் பச்சையையும், எங்கள் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டியபடி தேய்ப்பார். சில்வர் நைட்ரேட் பட்டு அவர் விரல் நுனிகள் கறுத்திருக்கும். அந்தக் கறை கழுவினாலும் போகாது. போகிற கறையாக இருந்தாலும் அவர் போகவிட்டிருக்க மாட்டார். பட்டம் வாங்கியவர்கள் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைப்பதை அவர் விரலில் மாட்டி வைத்திருந்தார்.

லேபிள் உரிந்த பாட்டில் எது கிடைத்தாலும் அவரிடம்தான் போகும். அவர் உடனே மோந்து பார்த்துவிட மாட்டார். எங்களில் ஒருவனைக் கூப்பிடுவார்.

"வாடா. மொதல்ல நீ மோந்து பாரு."

அவன் மோப்பான். மூக்கண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பாட்டிலை வாங்கி, கண்ணை மூடி, ஒரு முறை இழுத்து, தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். நாங்கள் கைதட்டுவோம். மாணவனுக்கு முதல் வாய்ப்பைத் தருகிற அந்தப் பெருந்தன்மையைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கவிதையே வந்தது. எழுதியவன் அந்த வருடம் வேதியியலில் பெயில்.

இந்த நிலையில்தான் இணையப் பாடம் வந்தது. லேபுக்குள் கால் வைக்கும் ஒவ்வொருவரும் ஆய்வகப் பாதுகாப்பு என்கிற பாடத்தை போனிலோ கம்ப்யூட்டரிலோ படித்து, தேர்வு எழுதி, சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் முதல் வேறு இடத்தில் வேலை. மூக்கண்ணனுக்கு நூலகம் என்று துறைத்தலைவி சொல்லிவிட்டார்.

"நூலகமா? புத்தகத்துல மோந்து பார்க்க என்ன இருக்கு?" என்று அவர் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்டார். "போன்ல வேதியியலாம்! நாளைக்கு போன்லயே சாப்பாடு போட்டு போன்லயே கை கழுவச் சொல்வாங்க."

உள்ளே அக்காவின் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா என்றால் அவர் மனைவி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தவர். அன்று மாலையே அக்கா தன் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் நடுவில் வந்து உட்கார்ந்தார். என் வைஃபை அந்தப் படிவரைதான் எட்டும்.

"தம்பி, இதுல அவர் பேரைப் போட்டு நானே படிச்சிட்டா கண்டுபிடிப்பாங்களா?"

"கடைசித் தேர்வுக்கு கேமராவுல முகம் காட்டணும்க்கா."

"அதுவரைக்கும் நான் ஓட்டிடறேன். முகத்தை மட்டும் அப்புறம் கொண்டுவந்து வைக்கிறேன்."

ஏதோ மாவு கடன் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பாடத்தில் ஒரு லேப் வரும். அதில் வெள்ளைக்கோட்டு போடாத ஒரு பொம்மை ஆள் நிற்பான். விரலால் இழுத்து அவனுக்குக் கோட்டு, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிவிட வேண்டும். எதையாவது மறந்துவிட்டு வேலையைத் தொடங்கினால், ரயில் தாமதம் அறிவிக்கும் பெண்குரல் அதே நிதானத்தோடு சொல்லும்: "கண்ணாடி அணியாமல் தொடங்கினீர்கள். உங்கள் வலது கண் பார்வையை இழந்தது. மீண்டும் முயலுங்கள்."

"ஐயோ பாவம்!" அக்கா போனைத் தடவிக்கொடுத்தார். "என்னால இந்தப் பிள்ளைக்குக் கண்ணு போச்சே."

மூக்கண்ணன் கீழே இருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றே?"

"கோட்டு போட்டுவிடறேன்."

"அடுத்தது?"

"கண்ணாடி. அப்புறம் கையுறை. முடி நீளமா இருந்தா கட்டிவிடணும்."

"அப்படியே பவுடரும் போட்டுப் பொண்ணு பார்க்க அனுப்பிடு. ஏம்மா, உனக்கு பொம்மை வச்சு விளையாடுற வயசா இது?"

"உங்க வேலைக்காகத்தாங்க."

"என் வேலை இங்க இருக்கு" என்று மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

ஆனால் அக்காவுக்குப் பாடம் பிடித்துவிட்டது. மெஷினை மிதித்துக்கொண்டே காதில் கேட்டார். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த தரை துடைக்கும் திரவத்தை வேறு டப்பாவுக்கு மாற்றி, மேலே துணி ஒட்டி, மார்க்கரில் பெயர் எழுதினார். மூக்கண்ணன் ஒரு நாளும் போடாமல் அலமாரிக்குப் பின்னால் எறிந்து வைத்திருந்த லேப் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "இத்தனை வருஷம் சும்மா அழுதிருக்கேன் தம்பி" என்றார்.

அடுத்து வந்தது வாயுக்கள் பற்றிய பாடம். நான் படியில் அவருக்கு மேலே உட்கார்ந்து என் லேப் ரெக்கார்டு நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். குரல் சொன்னது: "வாசனை தெரியவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று எண்ணாதீர்கள். சில வாயுக்கள் முதலில் மூக்கைச் செயலிழக்கச் செய்யும். வாசனை திடீரென நின்றுவிட்டால் உடனே விலகுங்கள்."

அக்கா அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார். மறுபடியும் போட்டார்.

"தம்பி, மூக்கு செத்துப்போச்சுன்னா, அது செத்தது அந்த ஆளுக்கே தெரியாதா?"

"உடனே தெரியாதுக்கா" என்றேன், மூன்றாமாண்டு மாணவனின் மிடுக்கோடு.

"அன்னைக்குப் பால் பொங்கி அடுப்புல தீய்ஞ்சு, தெரு முழுக்க நாறுச்சே. நீகூட மாடியிலேர்ந்து கத்தினியே. அவர் அடுப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிட்டு இருந்தார். 'டீ ஆச்சா?'ன்னு கேட்டார்."

நான் பேனாவை மூடினேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மூக்கண்ணன் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"தம்பி, நல்லவேளை இங்கயே இருக்கே. நாளைக்குப் பழைய கெமிக்கல் ஸ்டோரைக் காலி பண்றாங்க. உள்ள இருக்கிற பாதி பாட்டில்ல லேபிள் கிடையாது. அதைப் பார்க்க வெளியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்களாம். மாஸ்க்காம், மெஷினாம், தனி வண்டியாம்!"

"அவங்க வர்றவரைக்கும் யாரும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்களேண்ணே?"

"சொல்வாங்க. காலையில வெளிச்சம் வந்ததும் நீயும் நானும் போறோம். அவங்க வர்றதுக்குள்ள ஒவ்வொரு பாட்டில்லயும் பேரு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துட்டு மேடமே சொல்வாங்க, 'அண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்தப் பொம்மை விளையாட்டு'ன்னு. நீ மொதல்ல மோந்து பாரு. நான் பேரு சொல்றேன். எழுதி ஒட்டு."

அக்கா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு தம்ளர். அவற்றைப் படிக்குக் கீழே இருந்த ஸ்டூலில் வைத்தார்.

"இஸ்திரிப் பெட்டி அடியைத் துடைக்க வினிகர் ஊத்தினேன். இன்னொண்ணு குடிக்கத் தண்ணி. எது எதுன்னு மறந்துட்டேன். சொல்லுங்க."

நான் உட்கார்ந்த இடம்வரை புளித்த நெடி வந்தது.

"இதுக்கெல்லாம் நானா? தம்பி, மோந்து பாரு" என்றார் மூக்கண்ணன்.

"தம்பி வேண்டாம். தம்பி, நீ சுவர்ப் பக்கம் திரும்பு."

திரும்பினேன். ஆனாலும் ஓரக்கண் என்று ஒன்று இருக்கிறதே. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா, தைத்துக்கொண்டிருந்த நீலத் திரைச்சீலையை இழுத்துத் தலைவழியாகப் போட்டுக்கொண்டார். கல்யாணப்பெண் மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"என்னம்மா இது விளையாட்டு?"

"எது தண்ணி?" துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவர் ஒரு தம்ளரை எடுத்தார். நீளமாக இழுத்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம். அது நின்றது.

"இது தண்ணி. இது வினிகர்" என்றார். லேபில் சொல்வாரே, அதே தீர்ப்புக் குரல்.

அக்கா துணியை எடுத்தார்.

"ரெண்டும் வினிகருங்க."

மூக்கண்ணன் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போலேர்ந்து?" என்று அக்கா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அப்படிக் கேட்கவில்லை.

"ஊரே பூட்டிக் கிடந்தப்ப அந்தக் காய்ச்சல் வந்துச்சில்ல" என்றார் மெதுவாக. "சரியானதும் குளிக்கப் போனேன். சோப்புல வாசனையே இல்ல. கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு வேற சோப்பு வாங்கினேன். அதுவும் அப்படித்தான். எல்லாக் கம்பெனிக்காரனும் ஒண்ணா சேர்ந்துட்டான்னு நினைச்சேன்."

"லேப்ல எப்படி?"

"பசங்க மூஞ்சி இருக்கே." அவர் என்னைக் காட்டினார். "தலை சட்டுன்னு பின்னால போச்சுன்னா அம்மோனியா. கண்ணைச் சுருக்கினா ஆசிட். வாயைத் திறந்து பல்லைக் காட்டினா பழவாசனை, எஸ்டர். இவன் மூஞ்சி ரொம்ப நல்ல மூஞ்சி. ஒண்ணையும் மறைக்காது."

என்னைக் கல்லூரியில் யாரும் அதுவரை எதற்கும் பாராட்டியதில்லை. எல்லாவற்றையும் முதலில் மோந்தவர்கள் நாங்கள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"தம்பி நாளைக்கு வர மாட்டான்" என்றார் அக்கா.

"வர வேண்டாம். நிறத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்."

"வேண்டாங்க. எல்லாப் பாடமும் முடிச்சு வச்சிருக்கேன். முகத்தைக் காட்டி ஒரே ஒரு தேர்வு."

"அங்க போய் நான் பொம்மைக்குச் சட்டை போடணும். ஊரே சிரிக்கும். மூக்கண்ணன்னு கூப்பிட்ட வாயெல்லாம் வேற என்ன சொல்லிக் கூப்பிடும்? செத்தாலும் அதைச் செய்ய மாட்டேன்."

அக்கா இரண்டு தம்ளரையும் சாக்கடையில் கொட்டி, சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார்.

காலையில் அக்கா என் கதவைத் தட்டினார். கீழே ஆணியில் மாட்டியிருக்கும் லேப் சாவிக்கொத்து இல்லை.

மைதானத்தில் பனி இறங்கியிருந்தது. காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. அக்கா ஓடவில்லை, ஓடினால் மூச்சு வாங்கும், அங்கே போய் மூச்சு வாங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தார். நான் ஓடி, நின்று, திரும்ப ஓடி, ஒரு நாய்க்குட்டி மாதிரி அவரோடு போனேன். கேட்டில் வாட்ச்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மூக்கண்ணனா? அப்பவே போயிட்டாரே. வீட்டுலேர்ந்து டீ கொண்டு வந்தீங்களா, தங்கச்சி?"

"மேடத்துக்கு போன் பண்ணுங்கண்ணே. ஆம்புலன்ஸுக்கும். அப்புறம் அந்தக் கட்டடத்துப் பக்கம் ஒருத்தரையும் விடாதீங்க."

வாட்ச்மேனின் டீ கையிலேயே நின்றுவிட்டது. எதற்கு என்று கேட்காமல் போனை எடுத்தார். அக்கா சொன்ன தொனி அப்படி.

பழைய ஸ்டோர் ஒரு நீண்ட நடைவழியின் கடைசியில் இருந்தது. நடைக்குள் நுழைந்ததுமே என் மூக்கில் அடித்தது: அழுகின முட்டை. குமட்டியது. நான் வேதியியல் மூன்றாமாண்டு. அந்த வாயுவின் பெயர், வாய்பாடு, மூலக்கூறு எடை, அதைத் தயாரிக்கும் முறை, தயாரிக்கும் சாதனத்தின் படம், எல்லாம் எனக்குத் தெரியும். வெளியே போக வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. "அண்ணே!" என்று கத்திக்கொண்டு முன்னால் பாய்ந்தேன்.

அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பொத்தான் ஒன்று தெறித்தது.

"போகாதே. காப்பாத்த உள்ள போறவன்தான் ரெண்டாவதா விழுவான். அந்தப் பக்க ஜன்னலைத் திற. எல்லாத்தையும்."

நான் ஜன்னல்களைத் திறந்துகொண்டே வந்தேன். அவர் எதிர்ப்பக்கம் திறந்தார். கடைசி ஜன்னல் ஸ்டோர் கதவுக்குச் சற்று முன்னால். அதைத் தள்ளித் திறந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

"குறைஞ்சிடுச்சுக்கா. இப்ப நாத்தமே இல்ல."

அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"சுத்தமா இல்லையா?"

"இல்லக்கா."

"அப்ப பின்னால போ. வெளிய போயிடு. போடா!"

அவர் என்னை அதற்கு முன்னால் ஒரு நாளும் போடா என்றதில்லை. பின்வாங்கினேன். அவரும் என்னோடு ஜன்னல் ஓரமாகப் பின்வாங்கி, தலையை வெளியே நீட்டி மூச்செடுத்துக்கொண்டார். அங்கிருந்து ஸ்டோரின் உள்ளே தெரிந்தது. மூக்கண்ணன் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். தரையெல்லாம் பாட்டில்கள். கையில் வெளிர்மஞ்சள் திரவம், மூடி திறந்தபடி. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! அதைக் கீழ வச்சிட்டு வெளிய வாங்க."

"இதோ, இது ஒண்ணுதான்" என்றார் திரும்பாமல். குரல் குழறியது. "மஞ்சள்னா குரோமேட். மீதி எல்லாம் ஒட்டியாச்சு."

"மூட வேண்டாம். அப்படியே வச்சிட்டு வாங்க."

"நாத்தமே இல்லையேம்மா. எதுக்கு பயப்படறே?"

சொல்லிவிட்டு அலமாரியில் கையை ஊன்றினார். தலை கொஞ்சம் சரிந்தது. ஒரு பாட்டில் உருண்டு மற்றொன்றில் முட்டியது. நான் மறுபடி ஓரடி வைத்தேன். அக்காவின் கை என் நெஞ்சில் இருந்தது.

சொன்னால் கேட்கிற ஆள் அவர் இல்லை என்பது அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனை எடுத்தார். யாரையோ கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதன் டார்ச்சைப் போட்டுத் தன் முகத்தின்மேலேயே வெளிச்சம் அடித்துக்கொண்டார்.

"இங்க பாருங்க" என்றார். "என் மூஞ்சியைப் பாருங்க."

மூக்கண்ணன் திரும்பினார்.

அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அவருக்குத்தான் நேராகத் தெரிந்தது. பல வருடங்களாக எங்கள் முகங்களைப் படித்துப் பெயர் சொன்னவர் இப்போது ஒரு பெயரும் சொல்லவில்லை. பாட்டிலைத் தரையில் வைத்தார். மிகவும் ஜாக்கிரதையாக, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்தார். பிறகு சுவரைத் தடவித் தடவி நடந்து வந்தார். வாசலைத் தாண்டியதும் முழங்கால் மடிந்தது. ஆளுக்கொரு கையைப் பிடித்து நடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, மைதானத்துப் புல்லில் போட்டோம். அவர் வாந்தி எடுத்தார். அக்கா அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அழுதார்.

மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த மஞ்சள் திரவம் பழைய அம்மோனியம் சல்பைடு, திறந்தாலே அழுகின முட்டை வாயுவைக் கக்கும் என்று வெளியிலிருந்து வந்த சோதனைக்காரர்கள் சொன்னார்கள். இன்னும் சற்று நேரம் உள்ளே இருந்திருந்தால் என்று தொடங்கி அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். மூக்கண்ணன் ஒட்டியிருந்த லேபிள்களில் ஒன்றே ஒன்றுதான் சரியாக இருந்ததாம். அதில் 'காலி' என்று எழுதியிருந்தது.

துறைத்தலைவி வீட்டுக்கே வந்தார். திட்டத்தான் வந்திருந்தார், அதற்கான மூச்சையும் இழுத்துவிட்டார். மூக்கண்ணன் முந்திக்கொண்டார்.

"மேடம், எனக்கு வாசனை தெரியாது. ரொம்ப நாளாவே தெரியாது."

மேடத்துக்குத் திட்டு எங்கேயோ மறந்துபோயிற்று. அக்கா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மோந்து பார்க்காம வேலை செய்யறவங்களுக்கு லேப்ல இடம் இருக்குண்ணே. மோந்து பார்க்கறவங்களுக்குத்தான் இல்ல. ஆனா சாவி இப்போ என்கிட்ட இருக்கட்டும். சான்றிதழ் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம். அது வரைக்கும் நூலகம்."

"வாத்தியாருங்க, பசங்க முன்னாடி இதைச் சொல்லுவீங்களா?" என்று மூக்கண்ணன் கேட்டார்.

"எதை?"

மேடம் டீயைக் குடித்து முடித்து, தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கீழே இறங்கினேன். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படியின் நடுவில் மூக்கண்ணன் உட்கார்ந்திருந்தார். எனக்கு வழிவிட முழங்காலைச் சுவர்ப்பக்கம் மடக்கினார், தலையை நிமிர்த்தவில்லை. நானும் அவரைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய், அடிப்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். தேவையான நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கட்டினேன்.

அவர் கையில் அக்காவின் போன். அதில் இருந்தது தேர்வு அல்ல. அக்கா முடித்து வைத்திருந்த பாடங்களை எல்லாம் அழித்துவிட்டு, மூக்கண்ணன் முதல் பாடத்தைத் திறந்திருந்தார்.

"கண்ணாடி அணியாமல் தொடங்கினீர்கள்" என்றது போன். சத்தத்தைச் சட்டென்று குறைத்தார். "உங்கள் வலது கண்..." மீதி கேட்கவில்லை.

முன்னறையில் மெஷின் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

அவர் திரும்பத் தொடங்கினார். கறுத்த விரல் நுனியால் கோட்டை இழுத்துப் பொம்மைக்குப் போட்டார். கண்ணாடியை இழுத்தார். அது தோளில் போய் உட்கார்ந்தது. எடுத்தார். நெற்றியில் உட்கார்ந்தது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நாக்கைக் கடித்துக்கொண்டு, அதை மெல்ல, மெல்லக் கீழே இறக்கி, பொம்மையின் இரண்டு கண்ணும் நன்றாக மூடும்படி மாட்டிவிட்டார்.